கட்டில் கிடக்கும் பக்கம்

வரைபடத்தில் சேந்த் ஓவேர்
கிழிந்த கையுறை மாதிரி இருக்கிறது.
நான்கு விரல் மடங்கி, ஒரு விரல் மட்டும்
கிழக்கே நீண்டு
லாந்த்ரியாக் கொம்யூனின் விலாவில் குத்துகிறது.

விரலின் நீளம் அறுநூறு மீட்டர்.
அகலம், இரண்டு மாடுகள் உரசாமல் போகும் அளவு.
ஆயிரத்து எண்ணூற்று இருபத்தேழில்
நில அளவையாளர் ஹிலேர் போஸ்கே
சங்கிலியோடு வந்து பதினொரு நாள் தங்கி
‘தண்ணீருக்கு வழி’ என்று எழுதி வரைந்தது.
மேடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்.
பெய்த மழையை அன்றே குடித்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கும்.
கால்நடை பிரீஸ் ஆற்றுக்குத்தான் இறங்க வேண்டும்.

பத்தொன்பது வருடம் கழித்து, ஓர் அக்டோபரில்,
ஆறு படுக்கையை மாற்றிக்கொண்டது.
வெள்ளம் வடிந்தபோது தண்ணீர்
முந்நூறு மீட்டர் தள்ளி, முழுக்க லாந்த்ரியாக்கில்.
விரலை யாரும் மடக்கவில்லை.
இப்போது அது சுட்டிக்காட்டுவது
நாணலையும் துருப்பிடித்த ஒரு குளியல் தொட்டியையும்.

நான் தலை எண்ண வந்தவள்.
ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, ஜனவரி மூன்றாம் வாரம்,
பையில் படிவங்கள், காலில் தம்பியின் ரப்பர் பூட்ஸ்.
மேயர் அலுவலகம் திங்களும் வியாழனும் மட்டும் திறக்கும்.
அங்கே பழைய கணக்குகள் இருக்கின்றன:
ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்,
கொல்லர் மூவர், ‘சோம்பேறி’ என்று தொழில் குறிக்கப்பட்ட ஒருவர்.
திராட்சை வேரைப் பூச்சி தின்ற பிறகு நானூற்றுச் சொச்சம்.
முதல் போருக்குப் பிறகு
எழுதியவரின் கை எண்களை மிகச் சின்னதாக எழுதியிருக்கிறது.

சதுக்கத்துக் கல்லில் பத்தொன்பது பெயர்கள்.
நான்கு பேர் வியாலார்.
கடைசி வியாலாருக்கு முகப்பில் இடம் போதவில்லை,
பக்கவாட்டில் வெட்டியிருக்கிறார்கள்.
அவன் மட்டும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி நிற்கிறான்.
பஸ் நின்று ஒன்பது வருடமாகிறது.

நேற்று மாலை வரை தொண்ணூற்று ஒன்பது.
நூறு வந்தால் மன்றத்தில் நாலு நாற்காலி கூடும்.
மேயர் பெர்னாக் அதைச் சொல்லவில்லை,
எனக்கு இரண்டு முறை காபி ஊற்றினார்.

மிச்சமிருந்தது ஒரே வீடு, விரலின் கணுவில்.
எர்மாந்தின் வியாலார், வயது ஐம்பத்திரண்டு,
பால் லாரி ஓட்டுகிறவள்.
எல்லைக்கோடு அவள் வீட்டுக்குள் நடந்து போகிறது:
அடுப்பு சேந்த் ஓவேரில், படுக்கையறை லாந்த்ரியாக்கில்.
“சட்டப்படி, எங்கே தூங்குகிறீர்களோ அந்த ஊர்,” என்றேன்.
“தெரியும்,” என்றாள். “உங்கள் மேயர்
என் பாதைக்குச் சரளை போடுகிறேன் என்றாரே, போட்டாரா?”
என் பூட்ஸைப் பார்த்தேன். பதில் அதில் ஒட்டியிருந்தது.
“லாந்த்ரியாக்காரன்?”
“அவன் சாக்கடையை மூடுகிறேன் என்றான்.”

தரைப்பலகையில் கட்டில் கால்களின் தடம்
இந்த அறையில் நாலு, அந்த அறையில் நாலு.
போன முறை இங்கே. அதற்கு முந்தியது அங்கே.
அவளுடைய அப்பா காலத்திலும் இப்படித்தானாம்,
ஒருமுறை ஒரு பன்றிக்குட்டி கிடைத்ததாம்.

“இந்தத் தடவை அடுப்புப் பக்கமே இருக்கட்டும்,
குளிர் அதிகம். அந்த முனையைப் பிடியுங்கள்.”
பிடித்தேன். அரசாங்கத்தின் அட்டை கழுத்தில் ஆட
வாதுமை மரக் கட்டிலின் தலைமாட்டைத் தூக்கினேன்.
வாசற்படியில் சிக்கிக்கொண்டது.
சாய்த்தோம், திருப்பினோம், அவள் ஒரு முறை உதைத்தாள்.
தலைமாடு ஒரு கொம்யூனில், கால்மாடு இன்னொன்றில்.

“சூப் ஆறிவிடும்,” என்றாள்.
கட்டிலின் மேல் ஏறித்தான் அடுப்புக்குப் போக முடிந்தது.

திரும்பும்போது இருட்டு.
நாணலுக்கு அப்பால், அவர்கள் நிலத்தில்,
ஆறு போவது நன்றாகவே கேட்டது.
அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை.
கேட்டால், பேனா உறைந்துவிட்டது என்பேன்.